சாவி யார் கையில்? உயில், எக்ஸிக்யூட்டர், வாரிசு: வாசகர் கேள்வி-பதில்

உயிலை நிறைவேற்றும் பொறுப்பைப் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டோம். சட்டத் தமிழில் அந்தப் பொறுப்பை ஏற்பவர் ‘உயில் நிறைவேற்றுநர்’. வங்கியிலும் கோர்ட்டிலும் வீட்டிலும் எக்ஸிக்யூட்டர் என்றுதான் சொல்கிறார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பெரியப்பா போன மாதம் காலமானார். பிள்ளைகள் இல்லை, பெரியம்மாவும் முன்பே போய்விட்டார். பதிவு செய்த உயிலில் என்னை எக்ஸிக்யூட்டராகப் போட்டிருக்கிறார். எனக்குச் சொத்து எதுவும் எழுதவில்லை. எல்லாம் அவருடைய தங்கை மக்கள் மூவருக்கு. எங்கே ஆரம்பிப்பது? விருப்பம் இல்லையென்றால் விலகலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். அதைத் தீர்மானிக்காமல் நீங்கள் எதிலும் கை வைக்கக் கூடாது.

விலகலாம். உயிலில் பெயர் இருக்கிறது என்பதற்காக யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 230-ஆம் பிரிவுப்படி நீதிபதி முன்னால் வாயால் சொல்லலாம், அல்லது கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கலாம். அதன்பின் மனம் மாறிப் போய் புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) கேட்க முடியாது. நீங்கள் விலகினால், பயன்பெறும் மூவரில் ஒருவர் உயிலை இணைத்து நிர்வாக உரிமை கேட்டு கோர்ட்டுக்குப் போவார்.

ஆனால் குத்தகைப் பணத்தை வாங்கி, டெபாசிட்டை எடுத்து, மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு ‘எனக்கு வேண்டாம்’ என்றால் எடுபடாது. பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகவே பார்ப்பார்கள். காரியச் செலவைப் பார்ப்பது, வீட்டைப் பூட்டி வைப்பது, மாட்டுக்குத் தீவனம் போடுவது போன்றவை அந்தக் கணக்கில் வராது. அவற்றைத் தயங்காமல் செய்யுங்கள்.

ஏற்பதென்று முடிவானால் முதல் வேலை அசல் உயிலைப் பத்திரப்படுத்துவது. லேமினேட் செய்யாதீர்கள், பஞ்ச் போடாதீர்கள், பழைய பின்னைக் கழற்றிப் புதுப் பின் குத்தாதீர்கள். தாளில் இரண்டு ஜோடி பின் துளை இருந்தாலே ‘நடுவில் ஒரு பக்கம் மாற்றப்பட்டதா?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், போதும். இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைத் தொடாதீர்கள். காரியத்துக்குத்தானே என்று எடுப்பவர்கள் நிறையப் பேர். பின் எண் தெரியும் என்பது அனுமதி ஆகாது. கணக்குக்காரர் இறந்த நிமிடமே அந்த அனுமதி முடிந்துவிட்டது. செலவை உங்கள் கையிலிருந்து செய்து, ரசீது வைத்து, பின்னால் எஸ்டேட்டிலிருந்து, அதாவது இறந்தவர் விட்டுப்போன மொத்தச் சொத்திலிருந்து, எடுத்துக்கொள்ளலாம்.

பீரோவைத் திறக்கும்போது அந்த மூவரில் இரண்டு பேராவது கூட இருக்கட்டும். பட்டியலில் ‘நகைகள்’ என்று எழுதினால் அது பட்டியலே இல்லை. ‘இரட்டை வடச் சங்கிலி 1, 32.4 கிராம், கல் தோடு 1 ஜோடி, 5.1 கிராம், ஒரு கல் இல்லை’ என்று எழுதுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுத்து, சீட்டு வாங்கி, போட்டோ எடுத்து, இருந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அந்த இல்லாத கல்லுக்காக மூன்று வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோகும் குடும்பங்கள் உண்டு.

அடுத்தது கடன். பலர் சறுக்கும் இடம் இதுதான். சொத்தைப் பிரித்துக் கொடுத்தபின் கடன்காரர் வந்தால், கொடுத்தவர் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். எதை முதலில் கொடுப்பது என்பதற்குச் சட்டமே வரிசை சொல்கிறது (320 முதல் 323 வரையுள்ள பிரிவுகள்): ஈமச்செலவும், இறப்புக்கு முந்தைய ஒரு மாத மருத்துவ, பராமரிப்புச் செலவும் முதலில். பிறகு புரொபேட் செலவு. பிறகு வீட்டு வேலையாள், கூலியாள், கைவினைஞர் ஆகியோருக்குக் கடைசி மூன்று மாதத்துச் சம்பள பாக்கி. மற்ற கடன்கள் அதற்கப்புறம். அவற்றுக்குள் பெரியவர் சின்னவர் கிடையாது, விகிதப்படி சமம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் இருப்பதே 9,00,000 ரூபாய் என்று வையுங்கள். கடைசி மாத ஆஸ்பத்திரி பில் 2,40,000, காரியம் 60,000, கோர்ட் செலவு 51,000, சமையல்கார அம்மாவுக்கு மாதம் 8,000 வீதம் மூன்று மாதம் 24,000. மீதி 5,25,000. வங்கித் தனிநபர் கடன் 4,00,000, கைமாற்று 3,00,000, ஆக 7,00,000. ரூபாய்க்கு 75 காசுதான் வரும். வங்கிக்கு 3,00,000, கைமாற்று கொடுத்தவருக்கு 2,25,000. தெரிந்தவராயிற்றே என்று கைமாற்றை முழுசாக அடைத்தீர்கள் என்றால் வங்கிக்குக் குறையும் 75,000-க்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இந்த உதாரணத்தில் தங்கை மக்களுக்கு ஒரு பைசா கிடையாது. உயிலில் ஆளுக்கு இரண்டு லட்சம் என்று எழுதியிருந்தாலும்தான். அடமானக் கடன் இந்த வரிசைக்கு வெளியே. அடமானம் வைத்த சொத்திலிருந்தே வங்கி எடுத்துக்கொள்ளும்.

கடன்காரர்களை அழைத்து நாளிதழில் ஓர் அறிவிப்பு கொடுத்துவிட்டுப் பிரிப்பது உங்களுக்குக் கவசம். குறித்த நாளுக்குள் வராத, உங்களுக்கும் தெரியாத கடனுக்கு அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாது. அந்தக் கடன்காரர், சொத்தைப் பெற்ற வாரிசுகளிடம் போய்க் கேட்க வேண்டியதுதான்.

வருமான வரியையும் மறந்துவிடாதீர்கள். இறந்த தேதி வரையிலான வருமானத்துக்கு அவருடைய பான் எண்ணில் ஒரு ரிட்டர்ன். அன்றிலிருந்து பிரித்து முடிக்கும் நாள்வரை வரும் வாடகை, வட்டி எல்லாம் எஸ்டேட்டின் வருமானம். அதற்கு எக்ஸிக்யூட்டர் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். உங்கள் சொந்த ரிட்டர்னில் கலக்காதீர்கள். மற்றபடி சொத்து கைமாறுவதற்கே வரி என்பது இங்கே 1985-லேயே போய்விட்டது.

அப்பா இறந்து பதினான்கு மாதம். உயிலில் அண்ணன்தான் எக்ஸிக்யூட்டர். எனக்கு ஒரு மனையும் பத்து லட்சமும் எழுதியிருப்பதாகக் கேள்வி. உயிலைக் காட்டவே மாட்டேன் என்கிறார். கேட்டால், ‘நான்தான் பொறுப்பு, நேரம் வரும்போது தருவேன்’ என்கிறார். நான் என்ன செய்ய முடியும்?
– வாசகி, கோயம்புத்தூர்

அண்ணன் சொல்வதில் ஒரு பாதி சரி. எழுதிவைத்ததை இறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று எக்ஸிக்யூட்டரை நெருக்க முடியாது (337-ஆம் பிரிவு). கடன்களைத் தெரிந்துகொள்ள அவருக்குச் சட்டம் கொடுத்த அவகாசம் அது. அந்த ஒரு வருடம் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

முதலில் உயிலைக் கையில் வாங்குங்கள். பதிவான உயில் என்றால் அண்ணனின் தயவே வேண்டாம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். இறந்தபின் யார் வேண்டுமானாலும் இறப்புச் சான்றைக் காட்டி சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம். எந்த அலுவலகத்தில் பதிவானது என்று தெரியாததுதான் சிக்கல். உயில் வில்லங்கச் சான்றில் வராது, எந்த ஊரிலும் பதியலாம். அப்பா கடைசியாகக் குடியிருந்த இடம், சொத்து இருக்கும் இடம், அவருக்குப் பத்திரம் எழுதும் ஆள் உட்காரும் இடம் என்ற வரிசையில் தேடுங்கள்.

அதே கையோடு மனைக்கு ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்கள். அப்பா இறந்த தேதிக்குப் பிறகு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிறகு ஸ்பீட் போஸ்டில், ஒப்படைத்ததற்கான சான்றோடு, அண்ணனுக்கு ஒரு கடிதம். சண்டைக் கடிதம் வேண்டாம். சொத்துப் பட்டியல், கடன் பட்டியல், இதுவரை வந்த வரவு, செய்த செலவு, எனக்கு எழுதியதை எப்போது ஒப்படைப்பீர்கள் என்ற ஐந்தையும் கேட்டு முப்பது நாள் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவது பலவீனமான தொடக்கம்.

அண்ணன் புரொபேட் வாங்கியிருந்தால் உங்கள் கை ஓங்குகிறது. புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்து, கடன் பட்டியலையும் ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 317-ஆம் பிரிவு. காரணமில்லாமல் செய்யாமலிருந்தால் புரொபேட்டையே ரத்து செய்யக் கேட்கலாம் (263). எக்ஸிக்யூட்டரை நீக்கி வேறொருவரை நியமிக்கவும் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் (301). சொத்தை வீணாக்கியது, வரவேண்டிய பணத்தை வசூலிக்காமல் காலாவதியாக விட்டது இரண்டுக்கும் அவர் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும் (368, 369). புரொபேட்டே வாங்கவில்லை என்றால் எஸ்டேட்டை நிர்வகித்துக் கணக்குத் தரச் சொல்லி சிவில் வழக்குதான் வழி.

ஒன்றை மட்டும் நீங்களும் செய்யாதீர்கள். உயிலில் எழுதியிருக்கிறதே என்று மனையில் நீங்களாகவே வேலி போட்டுவிடாதீர்கள். எழுதிவைத்த சொத்து உங்களுக்கு முழுமையாக வந்துசேர எக்ஸிக்யூட்டரின் இசைவு வேண்டும் (332). இசைவு வாய்மொழியாகவும் இருக்கலாம், நடத்தையிலிருந்தும் தெரியலாம். ஆனால் பட்டா மாற்றத்துக்குப் போகும்போது தாளில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

நாமினியாக மூத்த மகன் பெயர் இருக்கிறது. உயிலில் மூன்று பிள்ளைகளுக்கும் சமம் என்று இருக்கிறது. எது செல்லும்?
– வாசகர், விருதுநகர்

வங்கி டெபாசிட்டில் உயில்தான். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை. சொந்தக்காரர் என்று ஆகாது. வங்கி அவரிடம் கொடுத்தால் வங்கியின் கடமை முடிந்தது. பிரித்துக் கொடுப்பது அவர் கடமை. பங்குச்சந்தைப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

ஆயுள் காப்பீடு கொஞ்சம் வேறு. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பயனே அவர்களுக்கு என்று 2015 திருத்தம் சொல்கிறது. அது வாரிசுரிமையை முழுக்க ஓரங்கட்டுமா என்ற வாதம் கோர்ட்டுகளில் இன்னும் ஓடுகிறது. உயிரோடு இருப்பவர்கள் பாலிசி நாமினியையும் உயிலையும் ஒன்றாக வைத்துக்கொள்வது சுலபமான வேலை. 2025 நவம்பர் முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போட்டு, சதவீதமும் குறிக்கலாம். உங்கள் வீட்டில் இது முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

சென்னையில் வீடு. அம்மா உயில் எழுதி வைத்திருக்கிறார். ‘மெட்ராஸ் எல்லைக்குள் சொத்து, புரொபேட் இல்லாமல் எதுவும் நடக்காது’ என்கிறார் தரகர். உண்மையா?
– வாசகி, மயிலாப்பூர்

2025 வரை உண்மை. சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் நேரடி சிவில் எல்லைக்குள் எழுதிய உயிலோ, அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு நிலத்தைப் பற்றிய உயிலோ என்றால், இந்துக்கள் உள்ளிட்ட சில சமயத்தவர் புரொபேட் வாங்கித்தான் கோர்ட்டில் உரிமை கேட்க முடியும் என்று 213-ஆம் பிரிவு வைத்திருந்தது. மதுரைக்காரருக்கு இல்லாத கட்டாயம் மயிலாப்பூர்க்காரருக்கு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. தரகரிடம் சொல்லுங்கள்.

கட்டாயம் போனதே தவிர, உயிலை நிரூபிக்கும் வேலை போகவில்லை. யாராவது மறுத்தால், சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். இருவரும் இறந்துவிட்டால் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் அம்மாவின் கையெழுத்தையும் அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். ஆகவே வாரிசுகளில் ஒருவர் முகம் திருப்புகிறார், சாட்சிகளுக்கு வயதாகிவிட்டது, விரைவில் விற்கும் எண்ணம் இருக்கிறது என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் புரொபேட் வாங்கிவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

மனுவோடு அசல் உயில், இறப்புச் சான்று, சொத்து மதிப்புப் பட்டியல், ஒரு சாட்சியின் உறுதிமொழி, மற்ற வாரிசுகளின் சம்மதப் பிரமாணம் ஆகியவை போகும். சம்மதம் தராதவருக்கு நோட்டீஸ். இறந்து ஏழு நாள் கழியாமல் புரொபேட் தர மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு மேல் தள்ளினால் ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு நல்ல பதில் வேண்டும். யாராவது கேவியட் (‘என்னைக் கேட்காமல் உத்தரவு தராதீர்கள்’ என்ற மனு) போட்டு எதிர்த்தால் மனு சாதாரண வழக்காக மாறிவிடும். வருடக்கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மகன் விபத்தில் இறந்தான். உயில் இல்லை. மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் பெயரில் மட்டும் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லையா?
– வாசகி, சேலம்

உங்களுக்கு இருக்கிறது, உங்கள் கணவருக்கு இல்லை. இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். தந்தை இரண்டாம் வகுப்பு. மகன் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மருமகளுக்குக் கால், பேரப்பிள்ளைகளுக்குக் கால் கால், உங்களுக்குக் கால்.

தாயின் பெயர் விடுபடுவது அடிக்கடி நடக்கிறது. மனுவில் எழுதாவிட்டால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணையிலும் நழுவிவிடும். விடுபட்டதைச் சொல்லி தாசில்தாரிடம் மனு கொடுங்கள்; ஏற்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று மட்டுமே சொல்கிறது, அதில் பெயர் இல்லாததால் பங்கு போய்விடாது. பேரப்பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கைக் கோர்ட் அனுமதியின்றி விற்கவும் முடியாது.

மருமகளுக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால் அது உங்கள் விருப்பம். அப்போதும் பதிவான விடுதலைப் பத்திரமாகச் செய்யுங்கள். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

அப்பா எல்லாவற்றையும் தம்பிக்கே எழுதிவிட்டார். நிலம் தாத்தா வழி வந்தது. பூர்வீகச் சொத்தை அப்படி எழுத முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

‘பூர்வீகம்’ என்ற சொல்லை வைத்து நம்பிக்கை வளர்ப்பதற்கு முன் தாத்தா எப்போது இறந்தார் என்று பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு, தாத்தா தன் தனிச் சொத்தை உயிலின்றி விட்டுப்போய், அது அப்பாவின் பங்காக வந்திருந்தால், அப்பாவின் கையில் அது அவருடைய தனிச் சொத்து. உச்ச நீதிமன்றம் 1986-லேயே தெளிவாக்கிய விஷயம் இது. தனிச் சொத்தை அவர் யாருக்கும் எழுதலாம். மகளை விட்டுவிட்டார் என்ற ஒரே காரணத்தால் உயில் கவிழாது.

உண்மையிலேயே கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் அப்பா தன் பங்கை மட்டுமே எழுத முடியும். பிறப்பால் வந்த உங்கள் பங்கு அப்படியே நிற்கும். மகளுக்கும் பிறப்புரிமை தந்த திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று 2020-இல் தீர்ப்பும் வந்துவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதைக் கிளற முடியாது.

உயிலையே சந்தேகிக்கிறீர்களா? படுத்த படுக்கையில் கையெழுத்து, தம்பியே வக்கீலை அழைத்து வந்தது, மற்ற பிள்ளைகளை விட்டதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லாதது போன்ற சூழல்கள் இருந்தால் அவற்றை விளக்கும் சுமை உயிலைக் காட்டும் தம்பியுடையது.

எக்ஸிக்யூட்டரே உயிலுக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

போடலாம். உயில் வழியாகச் சொத்து பெறுபவர் சாட்சியாவதுதான் ஆபத்து. உயில் எழுதியவர் கிறிஸ்தவராக இருந்தால் சாட்சிக்கோ சாட்சியின் கணவன், மனைவிக்கோ எழுதியது செல்லாமல் போய்விடும். உயிலின் மற்ற பகுதி நிற்கும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லை என்றாலும் சந்தேகத்துக்கு நீங்களே கதவு திறப்பானேன்? சொத்தில் சம்பந்தமில்லாத, உங்களைவிட இளையவர்கள் இருவரைப் போடுங்கள்.

முஸ்லிம்கள் எவ்வளவுக்கு உயில் எழுதலாம்?
– வாசகர், கீழக்கரை

அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் வாரிசு அல்லாதவருக்கு. அதைத் தாண்டினாலோ வாரிசு ஒருவருக்கே எழுதினாலோ மற்ற வாரிசுகள் இறப்புக்குப் பிறகு சம்மதிக்க வேண்டும் என்பது இங்குள்ள சுன்னி முறை. எக்ஸிக்யூட்டரை நியமிக்கத் தடையில்லை.

நான் எக்ஸிக்யூட்டர். கடனை அடைக்க வீட்டை விற்றாக வேண்டும். சந்தை விலைக்கு நானே வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

விலை சரியாகவே இருந்தாலும் வேண்டாம். எக்ஸிக்யூட்டர் நேராகவோ மனைவி, மச்சான் பெயரிலோ வாங்கினால், அந்தச் சொத்தில் அக்கறையுள்ள எவர் கேட்டாலும் விற்பனையை ரத்து செய்யலாம் (310). பத்து வருடம் குடியிருந்த பிறகும் அந்தப் பயம் கூடவே இருக்கும், வங்கியும் அந்தப் பத்திரத்தின் மேல் கடன் தரத் தயங்கும். அவசியம் வேண்டுமென்றால், வாரிசுகள் எல்லோரும் மேஜர் என்ற நிலையில், இரண்டு மதிப்பீட்டாளர் அறிக்கையைக் காட்டி, எல்லோரையும் விற்பனைப் பத்திரத்திலேயே சம்மதம் தருபவர்களாகக் கையெழுத்துப் போட வையுங்கள். ஒருவர் மறுத்தாலும் வெளியாளுக்கு விற்றுவிடுங்கள்.